அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் கணித, அறிவியல் நிறைவுத் தகுதி உயர்வும் கல்விச் சமநீதியும்: ஒரு வரலாற்று ஆய்வு (1893–2015)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெறும் மாணவர் எவ்வளவு கணிதமும் அறிவியலும் கற்றிருக்க வேண்டும் என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதத்தில் உள்ளது. 1983க்குப் பின்னர் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இத்தகுதியை உயர்த்தின. பின்தங்கிய மாணவர்க்கும் உயர்ந்த பாடம் கிடைக்கும் என்னும் சமநீதி வாதம் இவ்வுயர்வுக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்டது. தகுதி உயர்ந்தால் பின்தங்கியோரே பள்ளியிலிருந்து வெளியேறுவர் என்னும் எதிர்வாதமும் சமநீதியையே காரணம் காட்டியது. இக்கட்டுரை பத்துப்பேர் குழுவின் அறிக்கை தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியத்தின் 2015ஆம் ஆண்டு முடிவு வரையிலான வரலாற்றை ஆராய்கிறது. நிறைவுத் தகுதி மாணவர் மீது விதிக்கப்படும் கடமையாக மட்டும் நின்ற இடங்களில் பாடத்தின் பெயர் உயர்ந்தது, கல்வி உயரவில்லை என்பதும், அதே தகுதி கற்பிக்கும் அமைப்பின் கடமையாகவும் ஏற்கப்பட்ட இடங்களிலேயே சமநீதிக்கு வழி பிறந்தது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிறைவுத் தகுதி, கல்விச் சமநீதி, இயற்கணிதம், பாடத்தடம், கற்கும் வாய்ப்பு, இராபர்ட் மோசஸ், சிக்காகோ, லாஸ் ஏஞ்சல்ஸ்.

முன்னுரை

அமெரிக்காவில் பள்ளிக்கல்வி கூட்டாட்சி அரசின் நேரடிப் பொறுப்பில் இல்லை. மாநிலங்களும், அவற்றின்கீழ் இயங்கும் பள்ளி மாவட்டங்களும் பாடங்களை வகுக்கின்றன. நான்காண்டு உயர்நிலைப்பள்ளிப் படிப்பின் முடிவில் சான்றிதழ் பெற ஒரு மாணவர் எந்தெந்தப் பாடங்களை எத்தனை ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என்பதை இவ்வமைப்புகளே விதிக்கின்றன. இவ்விதியே இக்கட்டுரையில் 'நிறைவுத் தகுதி' எனப்படுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே பொதுத்தேர்வு இல்லாத அமைப்பில், ஒருவர் பயின்ற பாடங்களின் பட்டியலே கல்லூரிக்கும் வேலைக்கும் உரிய வாயிலாகிறது. எனவே அப்பட்டியலில் இயற்கணிதமோ வேதியியலோ இடம்பெறாத மாணவர்க்குப் பல வாயில்கள் 18 வயதிற்குள்ளேயே அடைபட்டுவிடுகின்றன.

இவ்வாறு அடைபட்டோர் யாவர் என்பதே சமநீதிக்கான வினா. கறுப்பின மாணவரும், இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவரும், ஏழைக் குடும்பத்தினரும் அவர்களுள் மிகுதியாக இருந்தமை வரலாறு முழுவதும் காணப்படுகிறது. தகுதியை உயர்த்துவது இந்நிலையை மாற்றுமா என்பதற்கு ஆம், இல்லை என்னும் இரு விடைகளும் ஆய்வாளரிடையே உள்ளன. இருவகை விடைகளும் ஏன் தோன்றின என்பதை வரலாற்று நிலையில் விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

1. பத்துப்பேர் குழு: அனைவர்க்கும் ஒரே பாடம்

1892இல் தேசியக் கல்விச் சங்கம் உயர்நிலைப்பள்ளிப் பாடங்களை ஒழுங்குபடுத்தப் பதின்மர் கொண்ட குழுவை அமைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் அதற்குத் தலைமை ஏற்றார். குழு 1893இல் தன் அறிக்கையை நிறைவு செய்தது. ஒரு பாடம் பள்ளியில் கற்பிக்கப்படுமாயின், அதனைப் பயிலும் மாணவர் பின்னர்க் கல்லூரிக்குச் செல்பவராயினும் தொழிலுக்குச் செல்பவராயினும், அனைவர்க்கும் ஒரே முறையிலும் ஒரே அளவிலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கையாகும்.

இக்கொள்கையில் சமத்துவக் கூறு உள்ளது. ஆயினும் அது எழுந்த சூழலும் நோக்கத்தக்கது. 1890இல் அமெரிக்காவில் 14 முதல் 17 வயது வரையிலானோருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே உயர்நிலைப்பள்ளியில் பயின்றனர். 'அனைவர்க்கும்' என்று குழு கூறியபோது அச்சொல் குறித்தது ஒரு சிறு பிரிவினரையே. பள்ளிக்கு வெளியே நின்ற பெரும்பான்மையினர் உள்ளே வரும்போது இக்கொள்கை நிலைக்குமா என்னும் சோதனை அப்போது எழவில்லை.

இக்காலத்தை அடுத்துத் தோன்றிய ஓர் அளவுகோலையும் இங்குச் சுட்ட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் பரவிய 'கார்னகி அலகு', ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் பயில்வதை ஓர் அலகாகக் கணக்கிட்டது. நிறைவுத் தகுதிகள் பின்னர் இவ்வலகின் அடிப்படையிலேயே எழுதப்பட்டன. இவ்வலகு வகுப்பறையில் செலவிடப்பட்ட நேரத்தை அளக்கும். அங்கு நிகழ்ந்த கற்றலை அளக்காது. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றிற்கு இவ்வேறுபாடே தோற்றுவாய் எனலாம்.

2. பாடத்தடங்களின் தோற்றம்

1930 அளவில் அவ்வயதினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உயர்நிலைப்பள்ளிக்கு வந்துவிட்டனர். குடியேறியோரின் பிள்ளைகளும் தொழிலாளரின் பிள்ளைகளும் பள்ளியை நிறைத்தபோது, அனைவர்க்கும் ஒரே பாடம் என்னும் கொள்கை கைவிடப்பட்டது. 1918இல் வெளிவந்த 'இடைநிலைக் கல்வியின் தலையாய கொள்கைகள்' என்னும் அறிக்கை உடல்நலம், இல்லறம், தொழில், குடிமைப் பண்பு முதலான ஏழு நோக்கங்களை முன்வைத்தது. அக்குழுவின் தலைவர் கிளாரன்ஸ் கிங்ஸ்லி கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆயினும் அவ்வறிக்கைக்குப் பிந்தைய காலத்தில் கணிதமே பெரிதும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

1910இல் உயர்நிலைப்பள்ளி மாணவருள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் இயற்கணிதம் பயின்றனர். 1950களின் நடுப்பகுதியில் இது ஏறத்தாழ 25 விழுக்காடாகக் குறைந்தது. மொத்த மாணவர் தொகை பன்மடங்கு பெருகியதால், இயற்கணிதம் பயின்றோரின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் கருத வேண்டும். புதிதாக வந்தோர்க்கு வாயில் திறந்தது. ஆனால் உள்ளே அவர்களுக்கு வேறு அறை ஒதுக்கப்பட்டது. அறிவுத்திறன் தேர்வுகளின் துணையோடு கல்லூரித் தடம், பொதுத் தடம், தொழில் தடம் என மாணவர் பிரிக்கப்பட்டனர். பொதுத் தடத்தினர்க்கு நுகர்வோர் கணக்கும் கடைக்கணக்கும் கணிதமாயின.

கறுப்பின மாணவர் நிலை இதனினும் கடுமையானது. தென்மாநிலங்களில் அவர்களுக்கெனப் பொது உயர்நிலைப்பள்ளிகளே அரிதாக இருந்தன என்பதையும், கொடையாளர் பலர் கைத்தொழிற் பயிற்சியையே அவர்களுக்கு ஏற்ற கல்வியாகக் கருதினர் என்பதையும் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாக எடுத்துரைக்கிறது. இதற்கு எதிர்நிலையாக அமைந்தது வாஷிங்டன் நகரின் எம் தெரு உயர்நிலைப்பள்ளி. அடிமைநிலையில் பிறந்து, ஓபர்லின் கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்ற அன்னா ஜூலியா கூப்பர் 1902 முதல் 1906 வரை அப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். அவர் காலத்தில் அப்பள்ளி மாணவர் ஹார்வர்டு முதலிய கல்லூரிகளுக்குச் சென்றனர். கல்லூரிக்கு இட்டுச் செல்லும் பாடத்தை விட்டுக்கொடுக்க அவர் மறுத்தமையால் மேலதிகாரிகளுடன் முரண்பாடு எழுந்தது. வெளிப்படையாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டுகள் வேறாயினும், 1906இல் அவர் பதவி இழந்தமைக்கு இம்முரண்பாடே முதன்மைக் காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கணிதமும் இலத்தீனும் யாருக்கு உரியவை என்னும் பூசல் நிறைவுத் தகுதி பற்றிய விவாதத்திற்கு மிக முற்பட்டது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

3. நீதிமன்றங்கள் எழுப்பிய வினா

1954இல் பிரௌன் வழக்கின் தீர்ப்பு இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பதைச் சட்டத்திற்குப் புறம்பானதாக்கியது. வாஷிங்டன் நகரப் பள்ளிகள் இணைக்கப்பட்டன. ஆனால் 1956இல் அந்நகர உயர்நிலைப்பள்ளிகளில் மாணவரைப் பல தடங்களாகப் பிரிக்கும் முறை புகுத்தப்பட்டது. கட்டடத்தில் இணைந்தோர் வகுப்பறையில் பிரிந்தனர். 1967இல் ஹாப்சன் எதிர் ஹேன்சன் வழக்கில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் இத்தட முறையை நீக்குமாறு ஆணையிட்டார். கீழ்த்தடத்தில் இடப்பட்ட மாணவர்க்குக் குறைந்த பாடமே அளிக்கப்பட்டதால், அவர்கள் மேலெழும் வாய்ப்பே மறுக்கப்பட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் வந்த மற்றொரு தீர்ப்பு கல்வி பற்றியதன்று, வாக்குரிமை பற்றியது. எனினும் நம் பொருளுக்கு அது மிக நெருக்கமானது. வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு நடத்த அனுமதி வேண்டி வட கரோலினாவின் காஸ்டன் மாவட்டம் வழக்குத் தொடுத்தது. தேர்வு பாகுபாடின்றி நடத்தப்படும் என மாவட்டம் வாதிட்டது. 1969இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கறுப்பின மக்களுக்குப் பல்லாண்டுகள் தாழ்ந்த தரமுடைய தனிப்பள்ளிகளை அளித்த அரசு, அப்பள்ளிகள் கற்பிக்கத் தவறியதை அம்மக்களிடமே தகுதியாகக் கேட்பது எவ்வளவு நடுநிலையோடு நடத்தப்பட்டாலும் பாகுபாடே என்று அது கண்டது.

இச்சிந்தனை பள்ளிச் சான்றிதழுக்கு நேராகப் பொருந்திய இடம் புளோரிடா. 1978இல் அம்மாநிலம் சான்றிதழ் பெற மொழி, கணக்குத் திறன் தேர்வில் தேர்ச்சி பெறுவதைக் கட்டாயமாக்கியது. முதல் முறை தேர்வெழுதியோருள் கறுப்பின மாணவரில் 78 விழுக்காட்டினரும் வெள்ளையின மாணவரில் 25 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெறவில்லை. மூன்றாம் முறைக்குப் பின்னும் கறுப்பின மாணவருள் 20 விழுக்காட்டினர் தேறாதிருந்தனர். வெள்ளையினருள் இவ்விழுக்காடு ஏறத்தாழ 2 மட்டுமே. டெப்ரா பி. எதிர் டர்லிங்டன் எனப்படும் வழக்கில், பிரிவினைப் பள்ளிகளில் கல்வியைத் தொடங்கிய மாணவர் வெளியேறும் வரை இத்தேர்வைக் காரணமாகக் கொண்டு சான்றிதழை மறுக்கக் கூடாது என்று 1979இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பில் கற்பிக்கப்பட்டவற்றையே தேர்வு கேட்கிறது என்பதை மாநிலம் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பின்னர் மாநிலம் அதனை மெய்ப்பித்ததாக நீதிமன்றங்கள் ஏற்றன, தேர்வும் நிலைத்தது.

இவ்வழக்கின் முடிவைவிட அது நிறுவிய நெறியே முதன்மையானது. தகுதி விதிக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறவில்லை. விதிப்பவர் முதலில் கற்பித்ததைக் காட்ட வேண்டும் என்றது. 'கற்கும் வாய்ப்பு' என்று பின்னாளில் வழங்கிய கருத்தாக்கத்தின் சட்ட அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

4. 1983ஆம் ஆண்டு அறிக்கையும் மாநிலங்களின் விரைவும்

1983 ஏப்ரலில் கல்வி மேன்மைக்கான தேசிய ஆணையம் 'ஆபத்தில் ஒரு தேசம்' என்னும் அறிக்கையை வெளியிட்டது. 35 மாநிலங்கள் சான்றிதழுக்கு ஓராண்டுக் கணிதத்தை மட்டுமே கேட்கின்றன. 36 மாநிலங்கள் ஓராண்டு அறிவியலை மட்டுமே கேட்கின்றன என்று அது சுட்டியது. பொதுத் தடத்தில் பயில்வோர் 1964இல் 12 விழுக்காடாக இருந்து 1979இல் 42 விழுக்காடாகப் பெருகினர் என்றும் கூறியது. நான்காண்டு ஆங்கிலம், மூவாண்டுக் கணிதம், மூவாண்டு அறிவியல், மூவாண்டுச் சமூகவியல், அரையாண்டுக் கணினியியல் ஆகியவற்றை அனைவர்க்கும் உரிய 'புதிய அடிப்படைகள்' என அது பரிந்துரைத்தது.

அறிக்கையின் பெருங்கவலை பொருளாதாரப் போட்டியே. ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளோடு ஒப்பிட்டு அது பேசிற்று. சமநீதியும் மேன்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தகுதியை உயர்த்தின. பட்டியலில் ஓர் எண்ணை மாற்றுவது சட்டமன்றத்திற்கு எளிது, செலவும் குறைவு. கணிதம், இயற்பியல் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியரை உருவாக்குவதும், ஆய்வகம் கட்டுவதும் அத்தகையன அல்ல.

விளைவுகள் இருவகைப்பட்டன. கணினியியல் நீங்கலாக ஏனைய நான்கு அடிப்படைகளையும் முடித்த மாணவர் 1982இல் ஏழில் ஒருவராக இருந்தனர். 1998இல் அவர்கள் பாதிக்கும் மேற்பட்டனர். இது பெரிய மாற்றமே. மறுபுறம், வில்லியம் குளூனும் அவர்தம் உடன் ஆய்வாளரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, நடுத்தர, பின்தங்கிய மாணவர் கூடுதலாகப் பயின்ற பாடங்களுள் பெரும்பாலானவை அடிப்படை நிலைப் பாடங்களும் குறைதீர் பாடங்களுமே என்று கண்டது. கணிதம் என்னும் தலைப்பின்கீழ் எட்டாம் வகுப்புக் கணக்கே மீண்டும் நடத்தப்பட்டால் அலகு நிறையும்; இயற்கணிதத்தின் வாயில் திறவாது. மாணவரைத் தடங்களாகப் பிரிப்பது அவர்கள் பெறும் பாடப்பொருளையே பிரிக்கிறது என்பதை ஜீனி ஓக்ஸ் 1985இல் வெளியிட்ட நூல் வகுப்பறைச் சான்றுகளோடு காட்டியிருந்தது. தகுதி உயர்ந்தபோதும் தடம் அழியவில்லை; புதிய பெயர்களோடு அது நீடித்தது.

5. இராபர்ட் மோசஸ்: வாக்குரிமையிலிருந்து இயற்கணிதத்திற்கு

மேலே கண்ட வாக்குரிமை வழக்கையும் கணிதத் தகுதியையும் ஒரே வாழ்வில் இணைத்தவர் இராபர்ட் மோசஸ். கணித ஆசிரியரான அவர் 1961 முதல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்தில் ஈடுபட்டார். எழுத்தறியாதோரை ஏன் பதிவுக்கு அழைத்துவருகிறீர் என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவரிடம் வினவினார். எழுத்தறிவைக் கற்றுத்தர மறுத்த நாடே அதனைத் தகுதியாகக் கேட்க இயலாது என்னும் பொருள்பட அவர் விடையிறுத்ததைப் பின்னர்ப் பதிவு செய்துள்ளார்.

1982இல் மாசச்சூசட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், தம் மகள் பயின்ற பள்ளியில் எட்டாம் வகுப்பினர்க்கு இயற்கணிதம் இல்லாமையைக் கண்டு அவரே அங்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இயற்கணிதத் திட்டம். நேர், எதிர் எண்களைக் கற்பிக்க மாணவரைச் சுரங்க இரயிலில் அழைத்துச் சென்று, நிலையங்களின் வரிசையையும் பயணத்தின் திசையையும் எண்கோடாகக் காணச் செய்தார். புதிய பொருளாதாரத்தில் இயற்கணிதம் பெறும் இடம் முன்னர் எழுத்தறிவு பெற்ற இடத்திற்கு நிகரானது என்பது 2001இல் சார்லஸ் காப் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலின் மையக்கருத்து.

மோசஸின் நிலைப்பாட்டில் இரு கூறுகள் பிரிக்க இயலாதவை. முதலாவது, பின்தங்கியோர்க்கு எளிய பாடம் போதும் என்பதை அவர் மறுத்தார். இரண்டாவது, உயர்ந்த பாடத்தைக் கேட்கும் உரிமை மாணவர்க்கும் அவர்தம் சமூகத்திற்கும் உரியது. அதனை அளிக்கும் கடமை அரசுக்கு உரியது என்றார். 1983க்குப் பின் பல மாநிலங்கள் முதற் கூற்றை ஏற்றன. இரண்டாம் கூற்று பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

6. சிக்காகோ: ஒரே நகரில் இரு சீர்திருத்தங்கள்

தகுதி உயர்வின் பயனை ஆராய்வதற்குச் சிக்காகோ நகரப் பள்ளிகள் சிறந்த சான்றாக அமைகின்றன. 1997இல் அப்பள்ளி மாவட்டம் குறைதீர் கணித வகுப்புகளை நீக்கி, ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம், அதனைத் தொடர்ந்து வடிவியல், மேல்நிலை இயற்கணிதம், மூவாண்டு ஆய்வக அறிவியல் ஆகியவற்றை அனைவர்க்கும் கட்டாயமாக்கியது. மாணவருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். எனவே இது நாட்டின் மிகத் துணிவான சமநீதி முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

எலைன் ஆலன்ஸ்வொர்த், தகாகோ நோமி முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை மதிப்பிட்டது. இயற்கணித அலகு பெற்றோர் தொகை உயர்ந்தது. ஆனால் தோல்வி மிகுந்தது. மதிப்பெண் தரம் சற்றுச் சரிந்தது. தேர்வு அடைவு உயரவில்லை. கல்லூரிக்குச் சென்றோர் விகிதமும் கூடவில்லை. அறிவியலிலும் நிலை இதனை ஒத்ததே. மாணவர் கூடுதல் ஆண்டுகள் அறிவியல் வகுப்பில் அமர்ந்தனர். ஆயின் பெரும்பாலோர் நடுத்தர அல்லது கீழ்த்தர மதிப்பெண்ணோடே கடந்தனர். முந்தைய ஆண்டுவரை குறைதீர் கணக்கு நடத்திய ஆசிரியரும், அடிப்படைப் பின்னங்களில் இடர்ப்பட்ட மாணவரும் பெரிய துணையேதுமின்றி ஒரே ஆண்டில் புதிய பாடத்திற்குள் நுழைந்தனர் என்பதை நினைக்க, இம்முடிவு வியப்பளிக்கவில்லை.

2003இல் அதே மாவட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. எட்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் தேசிய இடைநிலைக்குக் கீழ் இருந்த மாணவர்க்கு ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்திற்கு நாள்தோறும் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட்டன. அவ்வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் பாடக்கருவிகளும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் தேர்வு அடைவு உயர்ந்தாலும் தோல்வி விகிதம் பெரிதும் குறையாததால், இம்முயற்சியின் பயன் ஐயுறப்பட்டது. காலேனா கார்டெஸ், ஜோஷுவா குட்மன், நோமி ஆகியோர் 2015இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு வேறு காட்சியைத் தந்தது. இரட்டைப் பாடவேளை பெற்றோரிடையே கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண், பள்ளி நிறைவு, கல்லூரிச் சேர்க்கை ஆகிய மூன்றும் உயர்ந்தன. வாசிப்பில் பின்தங்கியோரே இதனால் மிகுந்த பயன் பெற்றனர்.

1997இன் விதியும் 2003இன் விதியும் ஒரே நகரில், ஒரே பாடத்தில், ஒத்த சமூகப் பின்னணி கொண்ட மாணவரிடையே நடைமுறைக்கு வந்தவை. முன்னது பாடத்தைக் கட்டாயமாக்கியது. பின்னது அப்பாடத்தைக் கற்பதற்கான நேரத்தையும் துணையையும் பள்ளியின் பொறுப்பாக்கியது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவான சான்று.

7. லாஸ் ஏஞ்சல்ஸ்: உயர்ந்த தகுதி, தாழ்ந்த தேர்ச்சி

கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர 'ஏ–ஜி' எனப்படும் 15 ஓராண்டுப் பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற வேண்டும். இவற்றுள் மூவாண்டுக் கணிதமும் ஈராண்டு ஆய்வக அறிவியலும் அடங்கும். ஏழைப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் இப்பாடங்கள் போதிய அளவில் நடத்தப்படவே இல்லை. மாணவரும் பெற்றோரும் சமூக அமைப்புகளும் இதனை எதிர்த்துப் போராடினர். அதன் பயனாக, நாட்டின் இரண்டாம் பெரிய பள்ளி மாவட்டமாகிய லாஸ் ஏஞ்சல்ஸின் வாரியம் 2005 ஜூனில் ஏ–ஜி பாடங்களை அனைவர்க்கும் நிறைவுத் தகுதியாக்கத் தீர்மானித்தது. இங்குத் தகுதி உயர்வைக் கேட்டவர் மேலிடத்தார் அல்லர். அதனால் பாதிக்கப்படுவர் எனப் பிறர் அஞ்சிய மாணவரே என்பது குறிப்பிடத்தக்கது.

தீர்மானம் முழுமையாக நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் 2008இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் ஆசிரியர் பணியிடங்களும் கோடைக்கால வகுப்புகளும் குறைக்கப்பட்டன. 2017இல் பள்ளியை முடிப்போர் முதல் 'சி' தரம் கட்டாயம் என வகுக்கப்பட்டிருந்தது. அவர்களுள் பெருந்தொகையினர் சான்றிதழ் பெற இயலாது எனத் தெரிந்தபோது, 2015 ஜூனில் வாரியம் 'டி' தரமும் போதும் என மாற்றியது. பல்கலைக்கழகமோ 'சி' தரத்தையே கேட்டது. ஆகவே ஒரு மாணவர் ஏ–ஜி பாடங்கள் அனைத்தையும் முடித்துச் சான்றிதழும் பெற்று, பல்கலைக்கழகத்திற்குத் தகுதியற்றவராக வெளிவரும் நிலை உருவாயிற்று. சான்றிதழை மறுப்பது ஒரு கொடுமை. பயனற்ற சான்றிதழைத் தருவது மற்றொன்று. கற்பித்தலுக்கான பொறுப்பு நிறைவேறாதபோது வாரியத்தின் முன் இவ்விரண்டே எஞ்சின.

இக்காலத்தில் டெக்சாஸ் மாநிலம் எதிர்த்திசையில் சென்றது. நான்காண்டுக் கணிதமும் நான்காண்டு அறிவியலும் அங்கு 2007இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோர் முதல் பொது விதியாயின. 2013இல் சட்டமன்றம் இவ்விதியைத் தளர்த்தி, மேல்நிலை இயற்கணிதத்தை அனைவர்க்கும் உரிய தகுதியிலிருந்து நீக்கியது. தொழிற்பாடங்களுக்கு இடம் வேண்டும் என்பது இம்மாற்றத்தை ஆதரித்தோர் வாதம். பழைய பாடத்தடங்கள் மீண்டும் தோன்றும் என்பது எதிர்த்தோர் அச்சம்.

8. முரண்படும் ஆய்வு முடிவுகள்

தகுதி உயர்வின் பயன் குறித்த இரு பெரும் ஆய்வுகள் மேலோட்டமாக நோக்கின் ஒன்றையொன்று மறுக்கின்றன. குட்மன் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மாநிலங்கள் கணிதத் தகுதியை உயர்த்தியதால் கறுப்பின மாணவர் பயின்ற கணிதப் பாடங்களும், பின்னர் அவர்கள் ஈட்டிய வருமானமும் உயர்ந்தன என்று காட்டியது. இவ்விதியால் கூடுதலாகப் பயின்ற ஒரு கணிதப் பாடத்தின் பயன் ஏறத்தாழ 10 விழுக்காட்டு வருமான உயர்வு என அது கணித்தது. வெள்ளையின மாணவரின் பாடத்தேர்விலும் வருமானத்திலும் மாற்றமில்லை. அவர்களுக்கு அப்பாடங்கள் முன்னரே கிடைத்துவந்தன என்பது இதற்குப் பொருத்தமான விளக்கமாகும்.

ஆண்ட்ரூ பிளங்க் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வோ, கணிதத்திலும் அறிவியலிலும் மொத்தம் ஆறு பாடங்களைக் கட்டாயமாக்கிய நிலையில் பள்ளியிலிருந்து இடைநின்றோர் 8.6 விழுக்காட்டிலிருந்து 11.4 விழுக்காடாக உயர்ந்தனர் என்று கண்டது.

இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பதில் தடையில்லை. முன்னது, விதியால் கூடுதல் பாடம் பயின்றோர் பெற்ற பயனைக் கூறுகிறது. பின்னது, அவ்விதியைத் தாங்க இயலாது வெளியேறியோர் அடைந்த இழப்பைக் கூறுகிறது. ஒரே விதி சிலரை உயர்த்தவும் சிலரை வெளியேற்றவும் வல்லது. உயர்வோரும் வெளியேறுவோரும் பெரும்பாலும் ஒரே சமூகப் பிரிவுகளைச் சார்ந்தோர் என்பதால், சராசரியை மட்டும் நோக்கிச் சமநீதியை அளத்தல் பொருந்தாது. ஒருவர் எப்பக்கம் சேர்வார் என்பதில் அவர் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும்போது அவர்க்குக் கிடைக்கும் ஆசிரியர்க்கும் நேரத்திற்கும் துணைக்கும் பெரும் பங்குண்டு என்பதையே சிக்காகோவின் இரு சீர்திருத்தங்களும் உணர்த்துகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தகுதியைத் தாழ்த்துதல் சமநீதிக்கு வழியன்று. 1918க்குப் பிந்தைய பாடத்தடங்கள் இரக்கத்தின் பெயரால் தோன்றின; விளைவில் அவை பிறப்பால் வந்த வேற்றுமையைப் பள்ளியிலும் நிலைநிறுத்தின. அன்னா ஜூலியா கூப்பர் பதவியை இழந்தும் விட்டுக்கொடுக்காத கொள்கை இதனால் நியாயம் பெறுகிறது.

இரண்டாவது, தகுதியை உயர்த்துதல் மட்டும் சமநீதி ஆகாது. 1983க்குப் பிந்தைய மாநிலச் சட்டங்களும், 1997இன் சிக்காகோ விதியும், 2005இன் லாஸ் ஏஞ்சல்ஸ் தீர்மானமும் நன்னோக்கம் கொண்டவையே. ஆனால் அவை பாடத்தின் பெயரையும் நேரத்தையும் அளந்தன, கற்பித்தலை அளக்கவில்லை.

மூன்றாவது, நிறைவுத் தகுதி என்பது இருதரப்பு ஒப்பந்தமாகக் கொள்ளத்தக்கது. மாணவர் மூவாண்டுக் கணிதம் கற்க வேண்டும் என்று எழுதும் கையே, அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆய்வகம், கூடுதல் பாடவேளை, முன்வகுப்புகளில் வலுவான அடித்தளம் ஆகியவற்றை அளிப்பேன் என்றும் எழுத வேண்டும். காஸ்டன் மாவட்ட வழக்கும் டெப்ரா பி. வழக்கும் நிறுவிய நெறி இதுவே. மோசஸ் மிசிசிப்பியில் கண்டு கேம்பிரிட்ஜ் வகுப்பறைக்குக் கொண்டுவந்த உண்மையும் இதுவே.

இவ்வகையில் தேர்வில் தோற்ற மாணவரின் எண்ணிக்கையைக் காணும்போது, அவர் கற்றாரா என்பதோடு அவர்க்குக் கற்பிக்கப்பட்டதா என்னும் வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டும். முதல் வினாவிற்கு விடை சொல்லும் பொறுப்பு 15 வயதினர் மீது உள்ளது. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியோர் தகுதியை விதித்தவர்களே.